சாயங்காலம் இரைகிற ரேடியோ, விடியலில் முரண்டு பிடிக்கிற டைமர்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

என்னிடம் பார்க்கச் சொல்லிக் கொண்டுவரும் சாமான்களில் பாதி, என் மேசைக்கு வந்ததும் ஒழுங்காக வேலை செய்யும். கொண்டுவந்தவர் முகம் சுருங்கிவிடும், "வீட்டுல சத்தியமா ஓடலண்ணே" என்பார். அவர் சொல்வது உண்மைதான். அவர் வீட்டில் அது முரண்டு பிடிப்பது இரவு ஏழு மணிக்கு, நான் பார்ப்பது பகல் பன்னிரண்டுக்கு. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் இருக்கிற நமக்குக் கரண்டும் நேரத்துக்கு ஒரு மாதிரி, காற்றில் உள்ள ஈரமும் நேரத்துக்கு ஒரு மாதிரி. அதனால் எந்தப் பாகம் போயிற்று என்று தேடுவதற்கு முன்னால் எப்போது கோளாறு வருகிறது என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு, மழையிலா வெயிலிலா, சூடேறின பிறகா, கை பட்டபோதா. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். பற்றரியில் ஓடும் 5, 9, 12 வோல்ட் சர்க்கிட்டை எப்படி வேண்டுமானாலும் நோண்டிப் பழகலாம், தப்பு செய்தால் ஒரு பாகம் போகும், அவ்வளவுதான். 230 வோல்ட் வரும் எதையும் பிளக்கைக் கழற்றிக் கண் முன்னால் வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். சுவிட்ச் அணைத்திருக்கிறது என்பது போதாது, ஏனென்றால் பழைய லயத்து வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் பக்கம் போட்டிருந்தால் அணைத்த பிறகும் உள்ளே உயிர் இருக்கும். மீட்டரில் பார்த்து உறுதி செய்வதென்றால், முதலில் ஓடுகிற ஒரு பிளக் பொயின்டில் மீட்டர் 230 காட்டுகிறதா பாருங்கள், பிறகு உங்கள் சாமானில் சுழியம் காட்டுகிறதா பாருங்கள், பிறகு மறுபடி அந்த பிளக் பொயின்டில் பாருங்கள். நடுவில் மீட்டரின் வயர் அறுந்து போயிருந்தால் அதுவும் சுழியம்தான் காட்டும், அதை நம்பிக் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, சீரிஸ் பல்பு. பழைய இழை பல்பு, 60 அல்லது 100 வாட், ஒரு ஹோல்டரில் போட்டு லைவ் வயரின் நடுவே தொடராக இணைத்து, ஒரு பெட்டிக்குள் பூட்டி வையுங்கள். எல்ஈடி பல்பு இதற்கு உதவாது. பழுது பார்த்த எந்த மெயின்ஸ் சாமானுக்கும் முதல் கரண்ட் இந்தப் பல்பு வழியாகத்தான் போக வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே அணையுங்கள். இந்தப் பெட்டி இல்லாமல் பவர் சப்ளை பழுது பார்க்க வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

எதுவுமே நடக்கவில்லை, புதிதாகக் கட்டின சர்க்கிட் செத்துக் கிடக்கிறது

சப்ளை வருகிறதா என்று ஐசியின் காலிலேயே அளந்து பாருங்கள், சப்ளை பெட்டியில் அளப்பது போதாது. பற்றவைக்காமல் செருகிக் கட்டும் பிரெட்போட்டின் ஓரத்தில் ஓடும் சிவப்பு நீலக் கோடுகள் பல போட்டுகளில் நடுவில் அறுந்திருக்கும், கோடு நடுவில் விட்டிருந்தால் உள்ளேயும் விட்டிருக்கிறது என்று பொருள், ஒரு துண்டு வயர் போட்டால் சரி.

அதுவும் சரியென்றால் ட்ரான்சிஸ்டரின் காலைப் பாருங்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து பிசி547க்கு வரைந்த படத்தில், கையில் கிடைத்தது என்று சி828 அல்லது சி945 போட்டிருப்போம். தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கும்படி பிடித்தால், பிசி547க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். சி828, சி945, சி1815 மூன்றுக்கும் எமிட்டர், கலெக்டர், பேஸ். பேஸ் நடுவில் இல்லை, ஓரத்தில். நன்றாக வரைந்து நன்றாகப் பற்றவைத்து மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பையனுக்கு இந்த ஒரு வரி போதுமாயிருந்தது.

மீட்டரே பொய் சொல்கிறதா என்பதும் பார்க்க வேண்டியதுதான். கரண்ட் அளக்கப் போய் மில்லி அம்பியர் பியூஸ் போயிருக்கும், அதற்குப் பிறகு எந்தச் சர்க்கிட்டில் வைத்தாலும் சுழியம்தான். மஞ்சள் நிற மலிவு மீட்டரில் 10 அம்பியர் ஓட்டைக்குப் பெரும்பாலும் பியூஸே கிடையாது, பக்கத்திலேயே அப்படி அச்சடித்திருக்கும். சிவப்பு வயரை அந்த ஓட்டையில் மறந்துவிட்டு பிளக் பொயின்டில் 230 அளக்கப் போனால் அது நேரடி ஷோர்ட், கையில் வைத்திருக்கும் முனை வெடிக்கும். அளந்து முடிந்ததும் சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாற்றுவதைக் கைக்குப் பழக்கிவிடுங்கள்.

பகலில் நன்றாகப் பாடுகிறது, இருட்டின பிறகு "ம்ம்ம்" என்று இரைகிறது

இது நம் பக்கத்து நோய், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ட்ரான்ஸ்போமர், நாலு டயோட், ஒரு 1000 மைக்ரோ பரட் கப்பாசிட்டர், 5 வோல்ட்டை நிலையாகத் தரும் ஒரு 7805 ஐசி. எல்லோரும் முதலில் கட்டும் சப்ளை இதுதான். இதில் ஒரு சிறிய ரேடியோவையோ அம்ப்ளிபயரையோ ஓட்டினால் பகலெல்லாம் தெளிவாக இருக்கும். ஆறரைக்கு மேல் எல்லாக் காம்பிராவிலும் ரைஸ் குக்கர், கேத்தல், விளக்கு என்று போட்டதும் லைனின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு 230 வந்து சேராது, 190 வரும், சில இடத்தில் அதற்கும் கீழே.

கணக்கைப் பாருங்கள். 9 வோல்ட் ட்ரான்ஸ்போமர், 230 வரும்போது உச்சம் 9 தர 1.414, அதாவது 12.7 வோல்ட். டயோட் இரண்டு சேர்ந்து 1.4 பிடித்துக்கொள்ளும், மிச்சம் 11.3. அரை அம்பியர் இழுத்தால், அடுத்த அலை வரும் 10 மில்லி செக்கனுக்குள் 1000 மைக்ரோ பரட் கப்பாசிட்டர் கிட்டத்தட்ட 4 வோல்ட் இறங்கிவிடும், ஆக பள்ளத்தில் 7 வோல்ட் சொச்சம். 7805க்கு வெளியே 5 வர வேண்டுமானால் உள்ளே 7 வேண்டும். பகலிலேயே விளிம்பில்தான் நிற்கிறது. இப்போது 190 என்று வைத்துப் பாருங்கள், உச்சம் 9 வோல்ட்டுக்குப் பக்கம், பள்ளம் 5. ஒவ்வொரு பள்ளத்திலும் 7805 கையை விடுகிறது, செக்கனுக்கு 100 தடவை. அந்த 100 தடவைதான் நம் காதில் "ம்ம்ம்". ரேடியோவில் ஒரு கோளாறும் இல்லை, ஆனால் ஸ்பீக்கர் மாற்றி, ஐசி மாற்றி, கடைசியில் ரேடியோவையே மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

உறுதிப்படுத்த, இரைச்சல் வரும் நேரத்தில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து 7805இன் வெளியீட்டில் பாருங்கள். நல்ல சப்ளையில் சில மில்லி வோல்ட் கூட வராது, இங்கே அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று ஆடும். சில மலிவு மீட்டர்கள் ஏசி ரேஞ்சில் டீசியையும் சேர்த்து எண்ணும், அதற்கு 0.1 மைக்ரோ பரட் கப்பாசிட்டர் ஒன்றை முனையில் தொடராகப் போட்டு அளந்தால் தெளியும். கப்பாசிட்டரை 2200க்கு மாற்றினால் இறக்கம் பாதியாகும், 190க்கு அது போதும். அதற்கும் கீழே போகிற வீடென்றால் 7805ஐக் கழற்றிவிட்டு எல்எம்2940 ஐந்து வோல்ட் ரகம் போடுங்கள், அதற்கு உள்ளே வெளியே அரை வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆனால் வெளியீட்டில் 22 மைக்ரோ பரட் கட்டாயம், இல்லாவிட்டால் அதுவே ஊளையிடும். தயவு செய்து 15 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போட்டுச் சமாளிக்க வேண்டாம். இரவு பதினொன்றுக்கு எல்லோரும் படுத்த பிறகு கரண்ட் ஏறும், அப்போது 7805 ஆறேழு வாட் சூட்டைத் தாங்க வேண்டும், நீங்களும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

காலையில் தானாகவே ஓன் ஆகிறது, பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது

பனி. வேறு எதையும் தேடாதீர்கள். டச் சுவிட்ச், மண் ஈரம் பார்க்கும் சர்க்கிட், 555 ஐசியில் கட்டிய டைமர், இவற்றில் 1 மெகா ஓம் போன்ற பெரிய ரெசிஸ்டர் இருக்கும். இரவு முழுக்கக் குளிர்ந்த போட்டில் விடியற்காலை மூட்டம் பட்டால் மேலே கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்ப் படலம் ஒட்டும். வெறும் தண்ணீர் பெரிய கேடில்லை, பற்றவைத்தபோது மிஞ்சிய பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) அதில் கரைந்து இரண்டு காலுக்கும் நடுவே சில மெகா ஓம் பாதை போடும்போதுதான் வினை. 1 மெகா ஓம் ரெசிஸ்டருக்குப் பக்கத்தில் 2 மெகா ஓம் கசிவு வந்தால் டைமர் எப்படிச் சொன்ன நேரத்தில் அணையும்?

போட்டை வெளிச்சத்துக்குச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். ஈயப் பற்றைச் சுற்றி தேன் நிறத்தில் ஒரு வளையம், அதன் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்த மாதிரி, செம்பு தெரிகிற இடத்தில் லேசான பச்சை. நகத்தால் சுரண்டினால் பிசுபிசுக்கும். ஐசோப்ரொபைல் அல்கஹோலில் பழைய பல்துலக்கியை நனைத்து நன்றாகத் தேய்த்து, கலங்கின திரவத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் பிளக்ஸ் இடம் மாறிக் காயும், போகாது. இரண்டு தடவை செய்யுங்கள். காயவைப்பதற்கு அடுப்படியில் வைக்க வேண்டாம், புகையும் கரியும் படிந்தால் இன்னும் மோசம். வெயில் வரும் நேரம் ஜன்னலோரம் போதும், அல்லது ஹெயார் ட்ரையரில் குறைந்த சூடு. நன்றாகக் காய்ந்தபிறகு மேலே மெல்லிய வார்னிஷ் பூச்சு. நேரம் வைக்கும் கப்பாசிட்டர் 100 மைக்ரோ பரட் என்றும் ரெசிஸ்டர் 1 மெகா ஓம் என்றும் வைத்து 110 செக்கன் எதிர்பார்த்தால், சுத்தம் செய்த பிறகும் சரியாக வராது, அந்த அளவு எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் உள்ளேயே கசியும். நீண்ட நேரம் வேண்டுமானால் 555ஐ விட்டுவிட்டு சிறிய மைக்ரோ கன்ட்ரோலருக்குப் போங்கள்.

ரிலே "டிக்" என்றதும் போட் ரீசெட் ஆகிறது

ரிலே கொயிலின் குறுக்கே 1என்4007 இருக்கிறதா, கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸில் இருக்கிறதா பாருங்கள். இருந்தும் ரீசெட் ஆனால் சப்ளை போதவில்லை. ஈஎஸ்பி32 போன்ற மைக்ரோ கன்ட்ரோலர் போட் வைஃபை பேசும்போது திடீரென்று அதிகம் இழுக்கும், மெல்லிய யூஎஸ்பி வயரில் அந்தக் கணம் வோல்ட் விழும், திரையில் பிரவுன்அவுட் (வோல்ட் போதவில்லை) என்று வரும். தடித்த வயர் போடுங்கள், போட்டின் காலடியில் 470 மைக்ரோ பரட் போடுங்கள், ரிலேக்குத் தனி சப்ளை கொடுங்கள். அப்புறம், ரிலேயின் மறுபக்கம் 230 போவதானால் அதைப் பிரெட்போட்டிலோ புள்ளிப் போட்டிலோ கட்டவே கட்டாதீர்கள். புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இரண்டரை மில்லிமீற்றர், செம்பு வட்டம் போக மிஞ்சுவது அதைவிடக் குறைவு, அதில் மேலே சொன்ன பனியும் படியும்.

பிளக்கைச் செருகியதும் ட்ரிப் விழுகிறது

முதலில் ட்ரிப்பை, அதாவது கசிவு கண்டால் வீட்டுக் கரண்டைத் தானாக அணைக்கும் சுவிட்சை, ஒன்றும் செய்யாதீர்கள். அதை நேராக இணைத்துவிட்டு "இப்ப விழல" என்று சொல்வதும், பியூஸ் கட்டைக்குச் செம்பு வயர் சுற்றுவதும் நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது, அது என்னை மிகவும் பயமுறுத்துகிற பழக்கம். வீட்டு ட்ரிப் 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும்படி செய்தது, அந்த அளவைத் தாண்டினால் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ஆபத்து இருக்கிறது.

உடனே விழுகிறதா, சில நிமிடம் கழித்து விழுகிறதா, மழைக்காலத்தில் மட்டும் விழுகிறதா? உடனே என்றால் லைவ் வயர் சாமானின் தகர உடம்பில் தொடுகிறது, வயர் நுழையும் இடத்தில் நசுங்கியிருக்கும், அங்கே பாருங்கள். சூடேறின பிறகு என்றால் ஹீட்டர் கொயில் அல்லது ட்ரான்ஸ்போமரின் உள்சுற்று. மழைக்காலத்தில் மட்டும் என்றால் பெரும்பாலும் சோல்டரிங் அயன். மேயிலிருந்து செப்டெம்பர் வரை பெய்கிற மழையில் பெட்டிக்குள் கிடந்த அயனில், சூடாகும் கம்பியைச் சுற்றி உள்ள காப்புப் பொருள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பிளக்கின் லைவ் காலுக்கும் எர்த் காலுக்கும் நடுவே மீட்டரை 20 மெகா ஓமில் வைத்தால் ஒரு எண் காட்டும், நல்ல அயனில் எதுவும் காட்டக்கூடாது. வெதுவெதுப்பான, காய்ந்த இடத்தில் இரண்டு நாள் வைத்து மறுபடி அளங்கள். எண் மறைந்தால் பாவிக்கலாம், மறையாவிட்டால் புதிதுதான்.

அடுக்கடுக்காகப் பல சாமான் செருகியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுங்கள். ட்ரிப்பில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அமுக்குங்கள், விழாவிட்டால் அது வெறும் சுவிட்ச். ஒரு கையில் லைவ், மறு கையில் நியூட்ரல் பிடித்தால் ட்ரிப் விழாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும், அது எர்த்துக்குப் போகும் கசிவை மட்டும்தான் பார்க்கும்.

தகரப் பெட்டியைத் தொட்டால் விறுவிறு என்கிறது

விரலை லேசாக வருடினால் மட்டும் நடுங்குகிற மாதிரி ஒரு உணர்வு என்றால், இரண்டு கால் பிளக் போட்ட ஸ்விட்சிங் சப்ளையாக இருக்கும். இரைச்சலை அடக்க அதற்குள் வை (Y) ரகக் கப்பாசிட்டர் ஒன்று மெயின்ஸ் பக்கத்தையும் வெளியீட்டையும் இணைத்திருக்கும், அதன் வழி ஒரு மில்லி அம்பியரில் சிறு பங்கு வரும். மீட்டரில் எர்த்துக்கு அளந்தால் நூறு வோல்ட் போல் காட்டும், பார்த்தால் பயமாக இருக்கும். உண்மைக் கசிவா இதுவா என்று பிரிக்க, 47 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டரை மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே கட்டி, பிளக்கைச் செருகுவதற்கு முன்பே கிளிப்பால் ஒரு முனையைப் பெட்டியிலும் மற்றதை எர்த்திலும் பொருத்தி, கையை எடுத்துவிட்டு, பிறகு சுவிட்சைப் போடுங்கள். பத்து வோல்ட்டுக்குள் வந்தால் அந்தக் கப்பாசிட்டர்தான். அதற்கு மேலே போனால் சாமானை ஒதுக்கி வையுங்கள். எதையும் விரலால் தொட்டுப் பரிசோதிக்காதீர்கள்.

எர்த் இருக்கிறதா என்பதும் கேள்விதான். சதுரக் கால் பிளக் பொயின்டில் வட்டக் கால் இரண்டு கால் பிளக்கைச் செருக, மேல் ஓட்டையைப் பேனாவால் குத்தித் திறக்கிறோம் அல்லவா, தகரப் பெட்டி உள்ள எதற்கும் அதைச் செய்யக்கூடாது. எர்த் கம்பி கற்பாறை மண்ணில் அடித்திருந்தால், அதுவும் ஜனவரி முதல் மார்ச் வரை மண் காய்ந்தபோது, இருந்தும் பெரிதாக உதவாது, அதனால்தான் ட்ரிப் இன்னும் முக்கியம்.

சாமானைக் கழற்றிய பிறகும் விறுவிறுப்பு இருந்தால், தண்ணீர்க் குழாயிலோ இஸ்தோப்புத் தகரத்திலோ வந்தால், இது உங்கள் சர்க்கிட் விஷயம் இல்லை. லயத்தில் ஒரே தகரம் பல வீட்டுக்கு மேலே ஓடுகிறது, ஒரு வீட்டில் தகர விளிம்பு வயரை அறுத்தால் ஐந்தாவது வீட்டுக் கொடிக்கம்பி வரை கரண்ட் வரும். மெயின் சுவிட்சை அணையுங்கள், பக்கத்து வீடுகளுக்கும் சொல்லி அணைக்கச் செய்யுங்கள், பிள்ளைகளை வெளியே அழைத்து வாருங்கள், தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் தொடக்கூடாது. யாரையாவது கரண்ட் பிடித்திருந்தால் ஆளைத் தொடாமல் முதலில் மெயினை அணைத்து, 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இடி விழுந்த பிறகு சப்ளை செத்துவிட்டது

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி நமக்குப் பழக்கம். முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கோடு அன்டனா வயரையும் தொலைபேசி வயரையும் கழற்றியிருந்தால் இந்தப் பகுதி தேவைப்படாது.

கழற்றாமல் போயிருந்தால், திறந்ததும் கண்ணாடி பியூஸைப் பாருங்கள். உள்ளே கம்பி மட்டும் அறுந்து கண்ணாடி தெளிவாக இருந்தால் சிறிய தாக்கம். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசினது போல் இருந்தால் உள்ளே பெரிய ஷோர்ட் நடந்திருக்கிறது, பியூஸை மட்டும் மாற்றிச் செருகினால் வெடிக்கும். பக்கத்தில் நீல வட்டமாக இருக்கும், மிகை வோல்ட்டைத் தான் வாங்கிக்கொள்ளும் வேரிஸ்டர் பிளந்திருக்கிறதா, பிரிட்ஜ் டயோடுகள் இரண்டு பக்கமும் கடத்துகின்றனவா, கரண்டை வெட்டி வெட்டி விடும் ட்ரான்சிஸ்டரான மொஸ்ஃபெட்டின் ட்ரெயின், சோர்ஸ் என்ற இரண்டு காலும் உள்ளே ஒட்டிவிட்டதா என்று அளந்து பாருங்கள்.

ஆனால் இதையெல்லாம் தொடுவதற்கு முன் பெரிய கப்பாசிட்டரை அளக்க வேண்டும். பியூஸ் நன்றாக இருந்து சப்ளை மட்டும் செத்திருக்கிறது என்றால் ஆபத்து அதிகம். ஓடுகிற சப்ளை அணைத்ததும் தன் கப்பாசிட்டரைத் தானே குடித்து முடித்துவிடும். செத்த சப்ளையில் அதை இழுக்க ஒன்றும் இல்லை, 325 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும், பிளக்கைக் கழற்றி நெடுநேரம் கழித்தும். ஸ்குரூ ட்ரைவரால் ஷோர்ட் பண்ணாதீர்கள், முனை உருகித் தெறிக்கும். 2.2 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டருக்கு இரண்டு பக்கமும் நல்ல காப்பு வயர் வைத்துப் பற்றவைத்து, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இரண்டு காலிலும் ஐந்து செக்கன் பிடியுங்கள். மீட்டரில் பாருங்கள், அரை நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள், கொஞ்சம் திரும்ப ஏறியிருக்கும். இன்னொரு தடவை பிடியுங்கள். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே நின்றபிறகு மொஸ்ஃபெட்டைக் கழற்றலாம், பாகங்கள் மாற்றிய பிறகு முதல் கரண்ட் சீரிஸ் பல்பு வழியாக.